பெயர்கள் உதிர்ந்த தை மாதம்

என் கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டுப்போன பெரியவர் ஒருவர் இருந்தார். எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளை லயம் என்போம்; அவர் மூன்றாவது லயத்தின் கோடி வீட்டுக்காரர். யாரும் வேண்டுமென்று விடவில்லை. என் அப்பா ஒரு பக்கமும் சித்தப்பா ஒரு பக்கமுமாகப் பத்திரிகை வைக்கக் கிளம்பியதில், அவர் சொல்லியிருப்பார் என்று இவரும், இவர் சொல்லியிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சுங்கை சிப்புட் மார்க்கெட்டில் என்னைக் கண்டால் போதும், அந்தப் பெரியவர் ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்குவார். நான் கடந்து போகும்வரை அதைக் கீழே வைக்க மாட்டார். இருபது வருஷத்துக்கு மேலாக இப்படியே நடந்தது.

ஆகவே, எண்பதுகளின் கடைசியில் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நகையோ மண்டபமோ என்னைப் பயமுறுத்தவில்லை. யாரை விட்டுவிடப் போகிறேன் என்பதுதான் பயம். இன்னொரு கத்தரிக்காயை என்னால் தாங்க முடியாது.

தோட்டம் அப்படியே இருந்திருந்தால் கவலையில்லை. லயம் லயமாக நடந்தால் ஒரு மாலையில் சொல்லி முடித்துவிடலாம். எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றார்கள். பால் வெட்டியவர்கள் நாலா பக்கமும் போனார்கள். ஈப்போ தொழிற்சாலைகளுக்குச் சிலர், தஞ்சோங் மாலிம் பக்கம் சிலர், லாரி ஓட்டப் போய் எந்த ஊரில் நிலைத்தார்கள் என்றே தெரியாத சிலர். நான் பத்து காஜாவில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, வீடு ஈப்போவில். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கப்சாய் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏழெட்டு மாதம் அலைந்து முகவரி சேகரித்தேன். சிகரெட் பெட்டியின் பின்புறம், நாள்காட்டித் தாள், டோபிக் கடைச் சீட்டு என்று எதில் கிடைத்ததோ அதில் எழுதி, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன்.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மகள் கம்ப்யூட்டர் வகுப்பு படித்து, ஈப்போவில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, தன் சம்பளத்தில் பழையதாக வாங்கியது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தன் வயிற்றுக்குள் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத இயந்திரம். முன்னால் இரண்டு வாய்கள். மேல் வாயில் அதை எழுப்புகிற டிஸ்க்கைப் போட வேண்டும். கீழ் வாயில் நம்முடைய டிஸ்க். சதுரமாக, மெல்லிய அட்டைபோல வளையும் டிஸ்க்குகள் அவை. மகள் எனக்குத் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுத்தாள். ஒற்றை விரலால் இரண்டு மாதம் தட்டி, டின்னில் இருந்த அத்தனை பெயர்களையும் ஆங்கில எழுத்தில் ஏற்றினேன். பெயர், எந்த லயம், இப்போது எங்கே, யார் மகன் என்று நான்கு பத்தி. லயம் லயமாக, அகரவரிசையில் அவை தாமாகவே போய் நின்றுகொண்டபோது எனக்கு ஏற்பட்ட கர்வத்தை நான் மறைக்கவில்லை.

கர்வத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். போகியன்று காலையில் வீட்டு முன்னால் பழைய பாய், கிழிந்த பிரம்புக்கூடை இவற்றோடு பிஸ்கட் டின்னையும் கவிழ்த்துத் தீ வைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரமாக வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேதக்காரர். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து பதினான்கு வருஷமாக ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும்.

"என்ன தம்பி, அது அட்ரஸ் டின்னுதானே? நேத்துகூட மடியில வச்சுக்கிட்டு இருந்தீங்க."

"போகிக்கா. பழசெல்லாம் எரிக்கணும். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனிமே இது பழசு."

"எனக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது லா. உங்க மக மூணாவது படிக்கையில எனக்குக் குடுத்த கிறிஸ்மஸ் கார்டுகூட அலமாரியில இருக்கு."

"இடம் அடைக்குமேக்கா."

"அடைச்சா அடைக்கட்டும். எனக்கு வார கார்டு எத்தன?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் ஒரு குச்சியால் சிகரெட் அட்டைகளைக் கிளறி நன்றாக எரியவிட்டேன்.

இனி நான் சொல்லப்போவதை அப்போது வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை தஞ்சோங் மாலிமில் ஒரு கல்லூரியில் ஆசிரியர். பையனும் பெண்ணும் தாங்களே பேசி முடிவுசெய்த கல்யாணம். ஜாதகம் பார்க்கக் கூடாது என்று மகள் நிபந்தனை போட்டாள். சம்பந்தி வீடும் சரி என்றது, என் மனைவியும் சரி என்றாள், நானும் வாயால் சரி என்றேன். ஆனால் சம்பந்தியம்மாளோடு பேசிக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளை பிறந்தபோது மழையா வெயிலா, காலையா மாலையா, அப்போது கடிகாரத்தில் எத்தனை மணி இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். அந்த அம்மாளும் பிள்ளை பெற்ற கதையை ஆசையாகச் சொன்னார்.

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரரிடம் பொருத்தம் பார்க்கும் டிஸ்க் ஒன்று இருந்தது. இந்தியாவிலிருந்து யாரோ கொண்டுவந்ததை யாரோ நகலெடுத்து, அதை இன்னொருவர் நகலெடுத்து, அவரிடமிருந்து இவர் எடுத்தது. பொங்கல் முடிந்து பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனைவியும் மகளும் சேலை எடுக்கப் போயிருந்த நேரம், அதைக் கீழ் வாயில் போட்டேன்.

பத்துப் பொருத்தமும் ஒவ்வொன்றாக வர வேண்டும். ஒரு விசையை அழுத்தினால் ஒரு பொருத்தம். தினம் உண்டு. கணம் உண்டு. ஏழு வரைக்கும் உண்டு, உண்டு என்று வர, எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே சிரிப்பு வந்தது. எட்டாவதுக்கு அழுத்தியபோது, மேல் வரியிலிருந்து ஓர் எழுத்து கழன்று கீழே விழுந்தது. 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு மழைபோலக் கொட்டி, எல்லாம் திரையின் அடியில் போய்க் குவிந்தன. தை மாதத்தில் ரப்பர் மரங்கள் இலை கொட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்றே இருக்காது. திடீரென்று ஒன்று விழும், அப்புறம் தோட்டமே விழும்.

நட்சத்திரங்கள் என் மகளைப் பற்றி ஏதோ சொல்ல வருகின்றன என்றுதான் முதலில் நினைத்தேன். இயந்திரத்தை அணைத்தேன். முகம் கழுவினேன், விபூதி பூசினேன். திரும்பவும் எழுப்பி, மனத்தைத் தேற்றிக்கொள்ளக் கல்யாணப் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் ஒழுங்காக நின்றது. பிறகு முதல் லயத்துப் பெயர்கள் ஒவ்வொரு எழுத்தாக உதிர ஆரம்பித்தன.

போகித் தீயில் கருகிய பிஸ்கட் டின் வெளியே குழாயடியில் கிடந்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

மகள் சேலைப் பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். அவள் திரையைப் பார்த்தாள். பயப்படவில்லை. டாக்டர்கள் கேட்பதுபோல ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"புது டிஸ்க் ஏதாச்சும் போட்டீங்களாப்பா?"

"இல்லையே."

"வெளி டிஸ்க்கு?"

"நான் எங்கம்மா வெளி டிஸ்க்குக்குப் போவேன்?"

"இது வைரஸ்ப்பா. ஒரு சின்ன புரோகிராம். யாரோ விளையாட்டுக்கு எழுதி விட்டிருப்பாங்க. ஒரு டிஸ்க்ல இருந்து இன்னொரு டிஸ்க்குக்குத் தாவும். நீங்க போடலன்னா…" என்று யோசித்தவள், "அப்ப அவரு குடுத்த டிஸ்க்குதான்" என்றாள்.

அவர் என்றால் மாப்பிள்ளை. பத்திரிகை வாசகத்தைக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. மகள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவள் சொன்னது எல்லாம் கேட்டது. "கண்ட இடத்துல போட்டுட்டு எங்க வீட்டுக்குக் குடுக்கறதா? எங்கப்பா எட்டு மாசம் அலைஞ்சு எடுத்த லிஸ்ட்டு" என்றாள். நான் அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சுவரில் ஒரு பல்லி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுத்தமான டிஸ்க் ஒன்று இருந்தால் போதும் என்றாள் மகள். நோய் தொடாத டிஸ்க்கால் இயந்திரத்தை எழுப்பினால், நோய் பிடித்த புரோகிராம்களை அழித்துவிட்டு நல்லதை நகலெடுத்து வைக்கலாம். கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்குக் கப்சாயில் பறந்தேன். சீனப் புத்தாண்டுக்கு முன்கூட்டியே சாத்திவிட்டுப் பினாங்குக்குப் போய்விட்டார்களாம். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் மலாயில், "செமிங்கு பூக்கா லா" என்றார். அடுத்த வாரம்தான் திறப்பார்கள். அதுவரை காத்திருந்தால் எனக்கு அத்தனை ஊருக்கும் பத்திரிகை வைக்க நாள் போதாது. மாசி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம்.

"வாங்கினப்போ கூடக் குடுத்த ஒரிஜினல் எங்கம்மா?" என்று மகள் கேட்டாள். "நகல் எடுத்துட்டு உள்ள வைக்கச் சொன்னேன்ல."

என் மனைவி சாமி அலமாரியைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தாள். ஒரிஜினல் என்பதால் அதற்கு அந்த மரியாதை. மகள் பிரித்துப் பார்த்து, அப்படியே எங்கள் பக்கம் நீட்டினாள். டிஸ்க்கின் உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். உள்ளே இருக்கும் தகட்டை இயந்திரம் அதன் வழியாகத்தான் தொட்டுப் படிக்கும். அந்தத் திறப்பு முழுக்கச் சந்தனம் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம்.

"சரஸ்வதி பூஜைக்கு வச்சேன்" என்றாள் மனைவி. "பொட்டு வைக்கறதுக்குன்னே இடம் விட்டிருந்துச்சு. உங்கப்பாவும்தான் பாத்தாரு."

பார்த்தேன்தான். அழகாக இருந்தது என்றும் சொன்னேன்.

மகள் டிஸ்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "பிளேடு குடுங்கப்பா" என்றாள். உறையின் மேல் விளிம்பை நூல் பிடித்ததுபோலக் கீறி, உள்ளேயிருந்து பழுப்பு நிறத் தகட்டை இரண்டு விரலால் வெளியே எடுத்தாள். வட்டமாக, எண்ணெய்த் தாள்போல மெல்லியதாக இருந்தது. பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். அதில் விட்டு, விரல் நுனியால் தேய்த்தாள். தண்ணீர் மஞ்சளாகி, பிறகு சிவந்தது. மனைவி அந்தத் தண்ணீரைக் கால்படாத இடத்தில்தான் ஊற்ற வேண்டும் என்று பேசினைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா வந்து எட்டிப் பார்த்தார். "எதால தொடைக்கப் போறீங்க? துண்டு வேணாம், நூல் ஒட்டும். இருங்க வாரேன்." போய், இஸ்திரி போட்ட பழைய மஸ்லின் கைக்குட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். தாமே தகட்டை வாங்கி, பிறந்த பிள்ளையைத் துவட்டுவதுபோல ஒற்றி ஒற்றி எடுத்தார். "ஆஸ்பத்திரில எத்தனையோ பாத்துட்டேன். சந்தனம் பூசிக்கிட்டு வந்த மொத கேசு இதான்."

வெற்று டிஸ்க் ஒன்றைக் கீறி, அதன் உறைக்குள் இந்தத் தகட்டைச் செருகினாள் மகள். உறையின் ஓரத்தில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் அந்த டிஸ்க்கில் யாராலும் எதையும் எழுத முடியாதாம், வைரஸாலும்கூட. ஒட்டினாள். மேல் வாயில் போட்டாள். இயந்திரம் கரகரவென்று தொண்டையைச் செருமியது. நாங்கள் நான்கு பேரும் திரையை நோக்கிக் குனிந்தோம். பச்சை எழுத்து வந்தது.

அரை மணி நேரத்தில் கெட்டதை எல்லாம் அழித்து, நல்லதை வைத்து, பட்டியலைத் திறந்தாள். முதல் லயம் நின்றது. இரண்டாவது லயம் நின்றது. கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒரு புள்ளிகூட விழவில்லை.

"லிஸ்டுக்கு ஒண்ணும் ஆகலப்பா. அப்பவும் ஆகல. திரையிலதான் விழுந்த மாதிரி காட்டுச்சு. திங்கக்கிழம ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்துத் தாரேன்."

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் மூவரும் பத்திரிகை உறைகளுக்கு மஞ்சள் தடவ அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்தார்கள். நான் தனியாக இருந்தேன். ஏழு பொருத்தம் பார்த்தாயிற்று. ஒன்பதாவதுதான் ரஜ்ஜு. தாலி பாக்கியத்தைச் சொல்வது அதுதான். ஏழு பார்த்துவிட்டு அதைப் பார்க்காமல் விடுவது எந்தத் தகப்பனால் முடியும்? வைரஸ் மாப்பிள்ளையின் டிஸ்க்கில் வந்தது என்று மகள் சொல்லிச் சொல்லி, எனக்கும் அது மாப்பிள்ளையின் டிஸ்க்கில்தான் வந்தது என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. அதையும் ஒரு காரணமாக எழுதி வைக்கிறேன்.

போட்டேன். தினம் உண்டு, கணம் உண்டு. இந்த முறை ஆறாவதிலேயே உதிர்ந்தது.

மகள் மஞ்சள் கையோடு உள்ளே வந்தபோது, பின்னாலேயே மனைவியும் அக்காவும் வர, பட்டியலும் உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையின் டிஸ்க்கைப் பார்த்தாள். அதை நேற்றே தனியாகக் கட்டி அலமாரிமேல் வைத்திருந்தாள். கட்டு பிரியவில்லை.

"அப்ப வேற டிஸ்க்கும் குடுத்திருக்காரு" என்றாள். "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு கேக்கறேன்." டெலிபோனுக்காகப் பக்கத்து வீட்டை நோக்கித் திரும்பினாள்.

"மாப்பிள்ளைக்குப் போன் பண்ணாதம்மா" என்றேன்.

கீழ் வாயைத் திறந்து டிஸ்க்கை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அதன்மேல் என் அலுவலக நண்பர் பேனாவால் 'பொருத்தம்' என்று எழுதியிருந்தார். அவள் படித்தாள். என் மனைவி அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். அக்காவுக்குக் கண்ணாடி இல்லாததால் மனைவி வாய்விட்டு ஒருமுறை படித்துக் காட்டினாள்.

"எத்தன வந்துச்சு?" என்று அக்காதான் கேட்டார்.

"ஏழு வரைக்கும் பாத்தேன்க்கா. எல்லாம் இருக்கு. அதுக்குள்ள விழுந்துருச்சு."

மகள் அந்தச் சொல்லை இன்னொரு முறை படித்தாள். நேற்றுத் தொலைபேசியில் தான் பேசியதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். பிறகு அந்தச் சதுரத்தை இரண்டாக மடித்து, மடித்த இடத்தில் நகத்தால் அழுத்தி, மறுபடி நான்காக மடித்தாள்.

"மீதி மூணையும் நாங்க பாத்துக்கறோம்பா" என்றாள்.

போய் மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாள். திரும்பி வந்து இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் அழித்து, எல்லாவற்றையும் வைத்தாள். வைத்துவிட்டு என் முன்னால் ஒரு நூறு பக்க நோட்டுப் புத்தகத்தைப் போட்டாள். "பிரிண்ட் எல்லாம் கெடையாது. நான் படிக்கறேன். நீங்க கையால எழுதுங்க."

அன்று மத்தியானம் முழுக்க எழுதினேன். அவள் ஒவ்வொரு பெயராகப் படித்தாள். மனைவி, அந்த வீட்டில் மருமகள் வந்திருக்கிறாள், அவளுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று திருத்தம் சொன்னாள். அக்கா என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று தடவை காப்பி கலந்து கொடுத்தார். கடைசிப் பெயரை எழுதி முடித்தபோது, "அவ்வளவுதானா தம்பி?" என்று கேட்டார். "அவ்வளவுதான்க்கா. ஒருத்தர் விடல" என்றேன். கிளாசுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

பதினெட்டு நாளில் அத்தனை பேருக்கும் பத்திரிகை வைத்தேன். கத்தரிக்காய்ப் பெரியவருக்கு முதல் பத்திரிகை. தட்டில் வெற்றிலை பாக்குப் பழத்தோடு மனைவியும் நானும் போய் நின்றோம். அவர் தட்டை வாங்கிக்கொண்டு, "மொதல்ல ஒக்காருப்பா" என்றார். 

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், வாசலில் பந்தல், உள்ளே நலங்கு. வீடு கொள்ளாத கூட்டம். மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்காவக் காணோம். கதவு சாத்தியிருக்கு. போய்க் கூப்பிட்டேன், தல வலிக்குதாம்."

"மாத்திர வேணுமா கேளேன்."

"மாத்திர இல்லங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாம அவங்களுக்குக் கார்டு வச்சமா?"

முகவரி தேட வேண்டிய அவசியம் இல்லாததால் அவர் டின்னில் இல்லை. டின்னில் இல்லாததால் கம்ப்யூட்டரில் இல்லை. கம்ப்யூட்டரில் இல்லாததால் நோட்டில் இல்லை. வைரஸ் ஒரு பெயரையும் தின்னவில்லை. இந்தப் பெயரை நான் ஒருவனாகவே விட்டிருந்தேன்.

தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேட்டி வேலிக் கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அக்கா கதவைத் திறந்து, உட்காரச் சொல்லாமல் நின்றார்.

"மறந்துட்டேன்க்கா. நீங்க நம்ம வீட்டு ஆளுன்னே…"

"தெரியும் லா தம்பி. நீங்க எழுதறப்ப பக்கத்துலதானே இருந்தேன். இப்ப வரும், இப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். காப்பிகூட மூணு தடவ கொண்டாந்தேன்."

நான் தட்டை நீட்டினேன். அவர் உள்ளே போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். உறையைத் திருப்பிப் பார்த்தார். முன்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பேர் எழுதாம எப்படி வாங்கறது? எழுதுங்க."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். திறந்தேன். உறையின்மேல் வைத்தேன். பதினான்கு வருஷத்தில் அவரிடம் நான் ஒருமுறைகூடப் பெயர் கேட்டதில்லை. எழுத்து எதுவும் வரவில்லை. என் கையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது குனிந்திருந்தபோதே தெரிந்தது. இன்றைக்கும் யாராவது என் கையில் பேனாவும் உறையும் கொடுத்தால் முதலில் அவர் பெயரைக் கேட்டுவிடுகிறேன்.

"அக்கான்னே எழுதுங்க" என்றார். "அது ஒண்ணுதானே தெரியும் உங்களுக்கு."

எழுதிக் கொடுத்தேன். மை காயும்வரை ஊதி, அலமாரியைத் திறந்து, மற்ற கார்டுகளோடு அதை வைத்துச் சாத்தினார். பிறகு, "நீங்க போங்க, சேல மாத்திக்கிட்டு வாரேன்" என்றார்.